குறைப்பதற்கென்றே ஒரு பெட்டி

இரவு பத்தே முக்கால். பிள்ளைகள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள், மனைவிக்கு மறுநாள் காலை ஷிஃப்ட் என்பதால் அவளும் படுத்தாயிற்று. வரவேற்பறையில் நான் மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மக்சிக் (மலாய் அத்தை) விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்திருப்பவர், ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிடுவார். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் பாட்டுக் கேட்கும் எல்லாருக்கும் தெரிந்த நேரம் இது. நமக்கென்று கிடைக்கிற ஒரே நேரம், சத்தம் போடக் கூடாத நேரமும் அதுதான்.

அப்போது என்னிடம் இருந்தது ஒரு பழைய இன்டகிரேட்டட் ஆம்ப், அதாவது ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் ஒலிபெருக்கிக் கருவி. வால்யூம் குமிழைச் சுழியத்திலிருந்து மயிரிழை திருப்பினால் ஒன்றும் கேட்காது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் இடது ஸ்பீக்கர் மட்டும் பேசும். இன்னும் கொஞ்சம் போனால் வலதும் சேர்ந்துகொள்ளும், ஆனால் பாடகி நடுவில் நிற்க மாட்டார், சாமி அலமாரி இருக்கிற இடது பக்கமாகவே ஒதுங்கி நிற்பார். அவரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் குமிழைக் கடிகார முள்ளின் ஒன்பது மணி நிலைக்காவது திருப்ப வேண்டும், அந்த நிலையில் வைத்தால் சுவர் அதிரும். பல மாதங்கள் இப்படியே, ஒரு பக்கமாகச் சாய்ந்த சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆம்ப் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். பழுது இல்லை, அது அந்தப் பொருளின் இயல்பு. ஸ்டீரியோ வால்யூம் கண்ட்ரோல் என்பது ஒரே தண்டில் கோர்த்த இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள். ஒவ்வொன்றிலும் குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு கார்பன் தடம், அதன் மேல் ஊர்ந்து போகும் ஓர் உலோக நாக்கு. நம் காது ஒலியை மடக்கை அளவில் உணர்வதால் தடத்தின் மின்தடையும் அதே மாதிரி வளைந்து ஏற வேண்டும். விலை குறைந்தவற்றில் இரண்டு மூன்று வேறு வேறு தடங்களை அடுத்தடுத்து அச்சிட்டு அந்த வளைவைப் போல ஒன்றை உண்டாக்குகிறார்கள். இடது தடமும் வலது தடமும் முழுக்க ஒன்றுபோல அமையவே அமையாது. குமிழ் மேலே இருக்கும்போது இந்தப் பிசகு காதுக்குத் தெரியாது. கீழே வரும்போது மிச்சமிருக்கும் தடை மிகச் சிறியது என்பதால் அதே பிசகு பெரிய விகிதமாகிவிடுகிறது. 2 அல்லது 3 டெசிபெல் வித்தியாசம் அங்கே சாதாரணம். 3 டெசிபெல் போதும், பாடகர் இடம் மாறிவிடுவார்.

சரி, குமிழ் ஏன் எப்போதும் அடிமட்டத்திலேயே கிடக்கிறது? இந்தக் கேள்விதான் என்னைப் பேசிவ் வால்யூம் கண்ட்ரோல், அதாவது மின்சாரம் இல்லாமல் ஒலியைக் குறைக்க மட்டும் செய்யும் பெட்டி, பக்கம் கொண்டுபோனது. கணக்கு எளிதானது, ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

சிடி ப்ளேயரோ, நெட்வொர்க் ஸ்ட்ரீமரோ, டாக்கோ (டிஜிட்டல் எண்களை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் கருவி), இன்றைக்கு வீட்டில் இருக்கும் பெரும்பாலான கருவிகள் உச்ச அளவில் 2 வோல்ட் தருகின்றன. ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் ஒன்றின் பெருக்கம் 26 டெசிபெல் என்றால் 20 மடங்கு. 2 வோல்ட்டை 20-ஆல் பெருக்கினால் 40 வோல்ட், 8 ஓம் ஸ்பீக்கரில் அது 200 வாட். என் ஆம்ப் 50 வாட், அதற்கு 20 வோல்ட் போதும், அதாவது உள்ளே போக வேண்டியது 1 வோல்ட் மட்டுமே. கருவி தருவதிலேயே பாதியைக் கழித்தால்தான் ஆம்ப் தாங்கும்! இதற்கு நடுவில் ப்ரீஆம்ப் என்று ஒன்றை வைத்து இன்னும் 10, 20 டெசிபெல் கூட்டி, கூட்டியதையும் சேர்த்துக் குமிழில் வெட்டி எறிகிறோம். கேசட் டெக்கும் டியூனரும் சில நூறு மில்லிவோல்ட் தந்த காலத்தில் அந்தப் பெருக்கத்துக்குத் தேவை இருந்தது. சிடி வந்த பிறகு தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

வீட்டில் நாம் கேட்கும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். என் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபெல் தரும். இரவில் ஒரு மீட்டரில் 67 டெசிபெல் போதும் என்றால் அதற்கு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குதான் செலவு. ஸ்பீக்கர் முனையில் அது 0.28 வோல்ட், ஆம்புக்குள் நுழைவது 14 மில்லிவோல்ட். 2 வோல்ட் எங்கே, 14 மில்லிவோல்ட் எங்கே. எனக்கு வேண்டியது கூட்டும் கருவி இல்லை, நன்றாகக் குறைக்கத் தெரிந்த ஒன்று.

குறைக்க மின்சாரம் வேண்டாம், இரண்டு ரெசிஸ்டர் போதும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவிலிருந்து எடுத்தால் மின்னழுத்தம் பங்காகிவிடும். பேசிவ் வால்யூம் கண்ட்ரோல் என்பது இவ்வளவுதான். ப்ளக் இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, சூடாக எதுவும் இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது உடனே ரீடிஃப்யூஷன் பெட்டியை நினைவுபடுத்தினார். செம்பவாங்கில் அவர் சிறுமியாக இருந்த காலத்தில் கோப்பிக்கடைச் சுவரில் அது மாட்டியிருக்குமாம், லீ டாய் சோ கண்டோனிய மொழியில் கதை சொல்லும் நேரத்தில் கடையே அடங்கிப்போய்விடுமாம். 1949-இல் இங்கே தொடங்கிய அந்தச் சேவையில் ஒலி கம்பி வழியாகவே வந்தது. பெருக்கும் வேலையெல்லாம் நிலையத்தில் முடிந்துவிடும், வீட்டுப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கரும் ஒரு குமிழும். அம்மாவுக்கு மின்தடை, மின்னழுத்தம் எதுவும் தெரியாது. ஆனால் "குறைக்கிறதுக்கு மட்டும்தானே குமிழ்?" என்று கேட்டார். நான் வாரக்கணக்கில் படித்துப் புரிந்துகொண்டது அது.

ஆனால் நான் நேராகப் பேசிவ் பெட்டிக்குப் போகவில்லை. நடுவில் ஒரு வருடம் வேறு வழியில் போனேன். இரண்டாம் கையாக ஒரு பவர் ஆம்ப் வாங்கி, டாக்கை நேரடியாக அதில் செருகி, வால்யூமைக் கைபேசிச் செயலியிலேயே குறைத்துக்கொண்டேன். டிஜிட்டலில் குறைத்தால் இடதும் வலதும் துல்லியமாகச் சமம், அதில் குறையே சொல்ல முடியாது. பிட் குறைகிறது என்ற பழைய பயமும் 24 பிட், 32 பிட்டில் கணக்குப் போடும் இன்றைய கருவிகளில் பெரிதாக இல்லை. இருக்கும் சிக்கல் வேறு. டாக்கின் வெளியீட்டில் ஒரு சிறு இரைச்சல் எப்போதும் உண்டு. டிஜிட்டலில் 40 டெசிபெல் குறைத்தால் பாட்டு மட்டும் 40 குறைகிறது, இரைச்சல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. டாக்குக்குப் பின்னால் ரெசிஸ்டர் வைத்துக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். பகலில் இது பொருட்டே இல்லை. இரவு பதினொன்றுக்கு, மின்விசிறியையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தால், ஆலாபனைக்கு நடுவில் வித்வான் மூச்சு வாங்கும் அந்த இரண்டு நொடியில் தெரியும்.

அதை விடப் பெரியது ஓர் இரவு நடந்தது. நான் பயன்படுத்திய செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது வால்யூமை 100-க்குத் திருப்பி வைத்துவிட்டது. எனக்குத் தெரியாது. பதினொன்று பத்துக்கு ஒரு நாகஸ்வரக் கச்சேரியைத் தொட்டேன், தவில் ஆரம்பித்தது. முழு 2 வோல்ட், தடுக்க நடுவில் எதுவும் இல்லை. கைபேசித் திரையைத் தேடுவதா, ஆம்பை அணைப்பதா என்று புரியாமல் தவித்த அந்த மூன்று நான்கு நொடி இப்போதும் நினைவில் இருக்கிறது. சின்னவள் அலறிக்கொண்டு எழுந்து வந்தாள். ஸ்பீக்கர் பிழைத்தது அதிர்ஷ்டம். மறுநாள் மின்தூக்கியில் மக்சிக்கைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்று மலாயில் சொல்லிக் கையைத் தட்டிக்கொடுத்தார், ஆனால் அவர் தூங்கியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன்: ஆம்புக்கு முன்னால் கையால் தொடக்கூடிய ஒரு குமிழ் இருந்தே ஆக வேண்டும்.

அந்த வார சனிக்கிழமை ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி சிம் லிம் டவருக்குப் போனேன். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கட்டடம். ரெசிஸ்டரும் சுவிட்சும் கம்பியும் எண்ணி வாங்கக்கூடிய இடம் அது. (பக்கத்து சுங்கை ரோடு சந்தையில்தான் முன்பெல்லாம் பழைய ஆம்புகளைப் பொறுக்குவோம், 2017 ஜூலையில் அது மூடியதோடு அந்தச் சுகம் போயிற்று.) கடைக்கார அங்கிளிடம் 10 கிலோ ஓம், ஸ்டீரியோ, ஆடியோ வளைவு என்று சொன்னேன். நீல நிற அடிப்பகுதி கொண்ட ஆல்ப்ஸ் நிறுவனப் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றை எடுத்துவைத்தார், கூடவே நான்கு ஆர்சிஏ சாக்கெட், ஒரு குமிழ். பெட்டிக்கு ஒரு கோங் குவான் பிஸ்கட் டின். தகரம் என்பதால் ஓட்டை போடுவது எளிது, சுற்றியிருக்கும் மின்காந்த இரைச்சலையும் தடுக்கும். அரம் வைத்து ஓட்டைகளின் விளிம்பைத் தேய்த்தபோது மேசையெல்லாம் சிவப்புப் பெயின்ட் தூள். ஆறு முனைகளில் ஈயம் வைத்ததும் வேலை முடிந்தது.

முதல் இரவே வித்தியாசம் தெரிந்தது. பழைய ஆம்பில் ஏழரை மணியில் முடங்கிக் கிடந்த குமிழ் இங்கே வசதியாக நகர்ந்தது. தம்புராவின் நான்கு தந்திகளும் தனித்தனியாகக் கேட்டன. இரைச்சலே இல்லாத ஒரு கருமையிலிருந்து குரல் எழுந்து வந்தது. அந்தச் சந்தோஷத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பேசிவ் மாதிரி உண்டா என்று சொல்லித் தீர்த்தேன்.

அது தப்பு. ஈசூனில் இருக்கும் ஓர் அண்ணன் என் பேச்சை நம்பி, கைவசம் இருந்த 50 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை வைத்து ஒரு பெட்டி கட்டிவிட்டார். ஒரு வாரம் கழித்துப் போனில், "தம்பி, ஜால்ரா சத்தமே மங்கிப்போச்சுப்பா. மிருதங்கம் சரி, குரல் சரி. ஆனா மேல ஒரு துணி போட்டு மூடின மாதிரி இருக்கு" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். கருவிகள் சன்னல் ஓரத்து அலமாரியில். பவர் ஆம்ப் எதிர்ச் சுவரில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். நடுவில் 5 மீட்டர் கேபிள், தரைப் பாயின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

பேசிவ் பெட்டி வாங்க நினைக்கிற யாரும் இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. பொட்டென்ஷியோமீட்டரின் நடு நாக்கிலிருந்து வெளியே வரும் ஒலிச் சமிக்ஞைக்குப் பின்னால் தள்ளுவதற்கு யாரும் இல்லை. அது எவ்வளவு மின்தடையின் வழியாக வெளியே வருகிறது என்பது குமிழ் இருக்கும் நிலையைப் பொறுத்தது. மிக மோசமான நிலை, மின்னழுத்தம் சரிபாதியாகும் இடம், அதாவது 6 டெசிபெல் குறைந்த இடம். அங்கே வெளியீட்டுத் தடை பொட்டென்ஷியோமீட்டரின் மதிப்பில் கால் பங்கு. 50 கிலோ ஓம் என்றால் 12.5 கிலோ ஓம். கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் மின்தேக்கம் என்று வைத்துக்கொண்டால் 5 மீட்டருக்கு 500, ஆம்பின் உள்ளீட்டில் ஒரு 200, மொத்தம் 700. இந்த இரண்டும் சேர்ந்து, கேட்காமலே ஒரு வடிகட்டியாகிவிடுகிறது: 18 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல் போய்விடும், 10 கிலோஹெர்ட்ஸிலேயே 1 டெசிபெல்லுக்கு மேல் குறையும். அண்ணன் மாலை நேரத்தில் நன்றாகச் சத்தம் வைத்துக் கேட்பவர், அதனால் அவருடைய குமிழ் அந்த மோசமான இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஜால்ரா மங்கியதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டு மாற்றம் செய்தோம். 50-ஐ எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போட்டோம். பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துப் பவர் ஆம்பின் பக்கத்தில் வைத்து, நீளமான கேபிளைப் பெட்டிக்கு முன்னாலும் அரை மீட்டர் கேபிளைப் பின்னாலும் மாட்டினோம். சிடி ப்ளேயரின் வெளியீட்டுத் தடை 100 ஓம் போல இருந்தால் 5 மீட்டர் கேபிள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, தாராளமாகத் தள்ளும். தள்ள முடியாத பகுதி பெட்டிக்குப் பிறகுதான், அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஆனால் எழுந்து போய்த்தான் வால்யூமைத் திருப்ப வேண்டும் என்பதில் அண்ணிக்கு வருத்தம். அது நியாயமான வருத்தம்தான், பேசிவ் பெட்டிகளில் பலவற்றுக்கு ரிமோட் கிடையாது.

10 கிலோ ஓமும் எல்லாருக்கும் ஒத்துவராது. வால்வு (வெற்றிடக் குழாய்) வெளியீடு உள்ள கருவிகளில் வெளியீட்டுத் தடை 1, 2 கிலோ ஓம் என்று இருக்கும், அவற்றுக்கு 10 கிலோ ஓம் பாரம். வெளியீட்டில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் 16 ஹெர்ட்ஸில் அடித்தளம் (பேஸ் ஒலி) 3 டெசிபெல் சரிந்துவிடும். அடுத்த கருவியின் உள்ளீட்டுத் தடை முந்தையதன் வெளியீட்டுத் தடையைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்ற விதியை மனதில் வைத்துக்கொண்டு, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் எண்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அண்ணன் வீட்டுக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு இன்னொன்று பிடிபட்டது, இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அதுதான். குமிழ் கீழே போகப் போக வெளியீட்டுத் தடையும் குறைந்துகொண்டே போகிறது. 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை 40 டெசிபெல் குறைத்து வைத்தால் நாக்குக்குக் கீழே இருப்பது வெறும் 100 ஓம், வெளியீட்டுத் தடையும் கிட்டத்தட்ட அதே 100 ஓம். நல்ல ப்ரீஆம்ப் ஒன்றுக்குச் சமம்! மெல்லிய ஒலியில் கேட்பவனுக்குத்தான் பேசிவ் பெட்டி தன் முழுத் திறமையையும் காட்டுகிறது. பிடிவாதமாக மிஞ்சும் குறை ஒன்று மட்டும்தான்: அதே அடிமட்டத்தில் கார்பன் தடங்களின் இடது வலது பிசகு. ஆல்ப்ஸ் நல்ல பொருள், பழைய ஆம்பை விட எவ்வளவோ மேல், ஆனாலும் மிகக் கீழே பாடகர் ஒரு கைப்பிடி அளவு நகரத்தான் செய்தார்.

அப்படியென்றால் கார்பன் தடத்தையே தூக்கிவிட வேண்டும். படிப்படியாகத் திரும்பும் சுழல் சுவிட்ச், ஒவ்வொரு படியிலும் தனி ரெசிஸ்டர். 24 படி, இரண்டு அடுக்கு. நான் எடுத்துக்கொண்டது எளிய வகை. மேலே நிலையாக ஒரு 10 கிலோ ஓம், கீழே படிக்கு ஒன்றாக மாறும் ரெசிஸ்டர். முதல் படி நேராகத் தரை இணைப்புக்கு, முழு அமைதி. இரண்டாவது படி 50 டெசிபெல் குறைவு, அங்கிருந்து படிக்கு 2 டெசிபெல் ஏறி, 24-ஆவது படியில் 6 டெசிபெல் குறைவு. 2 வோல்ட் அங்கே 1 வோல்ட்டாகும், ஆம்புக்கு முழு வயிறு. ஒரு பக்கத்துக்கு 23 மாறும் ரெசிஸ்டர், ஒரு நிலையான ரெசிஸ்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 48.

ஒரு சதவீத ரெசிஸ்டர்கள் சல்லி விலை. ஒவ்வொரு மதிப்பிலும் பத்து வாங்கி, சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி, மல்டிமீட்டரால் ஒவ்வொன்றையும் அளந்து, ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய ஜோடிகளை எடுத்துக் காகித நாடாவில் ஒட்டி எழுதிவைத்தேன். பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசித்தான். 327 வேண்டிய இடத்தில் 330, 1111 வேண்டிய இடத்தில் 1.1 கிலோ ஓம். படிகள் துல்லியமாக 2 டெசிபெல்லாக இருக்கத் தேவையில்லை, 1.9-ஓ 2.1-ஓ யாருக்கும் தெரியாது. இடதும் வலதும் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சதவீதப் பிசகு என்றால்கூட 0.09 டெசிபெல், கார்பன் தடத்தின் 2, 3 டெசிபெல்லோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இதில் ஒரு பாடம் பட்டுத்தான் தெரிந்தது. சுழல் சுவிட்சில் இரண்டு வகை உண்டு. அடுத்த படியைத் தொட்ட பிறகு முந்தையதை விடுவது ஒரு வகை, முந்தையதை விட்ட பிறகு அடுத்ததைத் தொடுவது இன்னொரு வகை. நான் கவனிக்காமல் இரண்டாவதை வாங்கிவிட்டேன். என் அமைப்பில் கீழ் ரெசிஸ்டர் ஒரு கணம் விடுபட்டாலும் குறைப்பதற்கு ஆளே இல்லை, 10 கிலோ ஓம் வழியாக முழு ஒலியும் ஆம்புக்குப் போகும். ஒவ்வொரு படி திருப்பும்போதும் "டப்" என்று ஓர் அறை. பகலில், பழைய சின்ன ஸ்பீக்கரை மாட்டிச் சோதித்ததால் தப்பித்தேன். மறுபடியும் சிம் லிம் டவர், தொட்ட பிறகு விடும் வகை, 48 ரெசிஸ்டரையும் கழற்றி மறுபடியும் ஈயம். கட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் அங்கேயே மல்டிமீட்டரை வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

இந்த ஊர் ஈரப்பதத்தில் சுவிட்சின் வெள்ளிப் பூச்சு கறுக்கும். எங்கள் வீட்டில் பக்கத்திலேயே சாமி அலமாரி, ஊதுபத்திப் புகை வேறு. மாதம் ஒருமுறை எல்லாப் படிகளையும் இருபது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிவிடுகிறேன், உரசலில் தானே சுத்தமாகிவிடுகிறது.

"பேசிவில் உயிர் இல்லை, அடி இல்லை, தட்டையாக இருக்கிறது" என்று பலரும் சொல்வார்கள். அடெல்ஃபியில் இருக்கும் ஹைஃபை கடைகளில் இதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை: தடைகள் பொருந்தாத அமைப்பில் மேலே சொன்னது எல்லாம் நடக்கும். மறுபாதி, ஒலி அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது. ப்ரீஆம்ப் கூடுதலாகப் பெருக்குவதால் அதே குமிழ் நிலையில் சத்தமாகக் கேட்கும், சத்தமாகக் கேட்பது எப்போதும் நன்றாகக் கேட்கும். ஒலி ஆய்வாளர்களான ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே காட்டியது இதுதான், ஒலி குறையக் குறைய நம் காதுக்கு அடித்தளம் மற்றதை விட வேகமாகக் காணாமல் போகிறது. பழைய ஆம்புகளில் லவுட்னஸ் என்று ஒரு பொத்தான் இருந்ததும் அதற்காகவே. நானும் கடனாக வாங்கிய ஒரு ப்ரீஆம்பை வைத்துப் பார்த்தேன், ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து இரண்டையும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகு. மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கத்துக் கனத்த ஒலி) இரண்டிலும் ஒரே மாதிரிதான் விழுந்தது. மெல்லிய ஒலியில் தொப்பி கொஞ்சம் ஒல்லியாகத்தான் கேட்கும், அது பெட்டியின் குற்றம் இல்லை, காது அப்படி.

அதே அடெல்ஃபியில் டிரான்ஸ்ஃபார்மர் வகை ஒன்றையும் கேட்டிருக்கிறேன். ரெசிஸ்டருக்குப் பதிலாக, பல இடங்களில் இணைப்பு எடுத்த சுருள். மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாக்கினால், அதற்கு முன்னால் இருக்கும் கருவியின் வெளியீட்டுத் தடையை நூறில் ஒன்றாக்கிக் காட்டும், அதனால் நீளமான கேபிளைப் பற்றிக் கவலையே வேண்டாம். அழகான யோசனை. சத்தமாகக் கேட்பவர்களுக்கும் கேபிளைக் குட்டையாக்க முடியாதவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன், பணம் இருந்தால். என் இரவு நேரத்துக்கு 48 ரெசிஸ்டர் போதும்.

அப்பாவின் கேசட்டுகளைப் பற்றித்தான் எனக்குப் பயம் இருந்தது. எண்பதுகளில் வானொலியிலிருந்து பதிவு செய்தவை, டெக்கின் வெளியீடு 0.4 வோல்ட்தான். பேசிவ் பெட்டியில் அது செத்துப்போகும் என்று நினைத்தேன். 24-ஆவது படியில் 0.2 வோல்ட், 20 மடங்கில் 4 வோல்ட், 8 ஓமில் 2 வாட். 2 வாட் என்றால் ஒரு மீட்டரில் 90 டெசிபெல்! நாலறை வீட்டுக்கு அதுவே தாராளம். அறிவிப்பாளர் தமிழில் நேரம் சொல்வது பகலில் சமையலறை வரை கேட்கிறது. அப்பா அவசரமாகப் பதிவுப் பொத்தானை அழுத்திய "க்ளக்" கூடக் கேட்கிறது.

பெட்டி கட்டி முடித்த இரவில் நான் போட்டது டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் பதிவு ஒன்று. அவர் 1956-இல் மறைந்துவிட்டார், அவர் வாசித்துப் பதிவானது எல்லாம் மோனோ. இடது வலது சமநிலையைச் சோதிக்க மோனோவை விட நல்ல கருவி கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே சமிக்ஞை என்பதால் நாகஸ்வரம் சரியாக நடுவில் நின்றே ஆக வேண்டும். ஏழாவது படி, 40 டெசிபெல் குறைவு, காகித நாடாவில் பெரியவனின் கையெழுத்தில் 99.8, 99.8 என்று எழுதியிருந்த ஜோடி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், புத்தக அலமாரிக்கு மேலே, எதுவுமே இல்லாத இடத்திலிருந்து வந்தது.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி அறை வாசலில் நின்று, "பாட்டா ஓடுது? உள்ள ஒண்ணுமே கேட்கலையே" என்றாள். அப்படியும் ஒரு படி இறக்கினேன். 42. அவர் நகரவில்லை, அதே இடத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார்.